ஒன்பது கேள்வி, ஒரு பச்சை டிக்: மனச்சோர்வு ஃபார்ம் வந்த கதை

இன்னைக்கு ஒரு ஃபார்மோட வரலாறு. ஃபார்முக்கெல்லாம் வரலாறான்னு கேக்காதீங்க. இந்த ஃபார்மை நான் ஒரு தடவை தப்பாகக் கட்டியிருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த கம்பெனி ஒரு ஹெல்த் ஆப் செய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்களுக்கான ஆப். மாத்திரை நேரம், சுகர் ரீடிங், அடுத்த அப்பாயின்ட்மென்ட், இந்த மாதிரி விஷயங்கள். ஒரு ஸ்பிரின்ட்டில் எனக்கு ஒரு டிக்கெட் வந்தது: 'பிஎச்க்யூ-9 சேர்க்கவும்.' மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள். எதிலும் ஆர்வமில்லையா, மனசு சோர்ந்திருக்கா, தூக்கம், அலுப்பு, பசி, தன்னைத்தானே குறை சொல்லிக்கொள்வது, கவனம் நிற்காதது, நடை பேச்சில் மந்தமோ பரபரப்போ. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. கூட்டி, எந்தப் படியில் விழுகிறது என்று பார்த்து, ஒரு மெசேஜ் காட்டணும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், டீ டைமுக்குள் முடித்துவிட்டேன்.

டெஸ்டிங் டீமில் ஒரு அக்கா இருந்தார். அடுத்த நாள் என் சீட்டுக்கே வந்தார். "தம்பி, ஒன்பதாவதுக்கு மட்டும் 3 போட்டு, மீதி எல்லாத்துக்கும் 0 போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. போட்டுக் காட்டினார். மொத்தம் 3. ஐந்துக்குக் கீழே. ஸ்க்ரீனில் பெரிய பச்சை டிக். "சூப்பர்! இப்படியே தொடருங்கள்."

சாகணும்னு தினமும் தோணுதுன்னு ஒருத்தர் சொல்றார், என் கோடு அவருக்குக் கைதட்டுது.

அன்றைக்கே சரி செய்தேன். ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும் ஹெல்ப்லைன் நம்பர் வரும்படி மாற்றினேன். அக்கா அதையும் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார்: "சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் இதுல 3 போடுறார்னு வை. நம்ம பக்கம் யாருக்குத் தெரியும்?" யாருக்கும் தெரியாது. டேட்டாபேஸில் ஒரு வரி சேரும், அவ்வளவுதான். மீட்டிங்கில் கேட்டபோது 'ஃபேஸ் டூ' என்றார்கள். நான் வேலையை விட்டு வரும்வரை ஃபேஸ் டூ வரவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஃபார்ம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

மனசு சரியில்லாதவர்களைக் காகிதத்தில் கண்டுபிடிக்கும் ஆசை பழையது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்துக்காக, கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் வுட்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல 116 கேள்விகள். போர்முனை அதிர்ச்சியில் உடைந்துபோகக் கூடியவர்களை முன்கூட்டியே பிரித்தெடுக்கும் திட்டம். அது தயாராவதற்குள் போரே முடிந்துவிட்டது. (புராஜெக்ட் டெலிவரி ஆகுறதுக்குள்ள கிளையன்ட் போயிட்டார். நம்ம துறைக்காரங்களுக்குப் புரியும்.)

அது ராணுவத்துக்கு. சாதாரண நோயாளியிடம் இந்த வேலையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் லண்டனின் டேவிட் கோல்ட்பர்க். 1972-ல் அவர் வெளியிட்ட பொது உடல்நலக் கேள்வித்தாளில் 60 கேள்விகள் இருந்தன. பெயரைக் கவனிங்க, 'மனம்' என்ற சொல்லே இல்லை. குடும்ப டாக்டரிடம் தலைவலி, வயிற்றுவலி என்று வருபவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே வேறு பாரம் இருக்கிறது என்பதுதான் அவர் கேட்ட கேள்வி.

நம்ம ஃபார்மின் நேரடித் தாத்தா 1994-ல் பிறந்தார். பெயர் ப்ரைம்-எம்டி. பின்னால் இருந்தவர் ராபர்ட் ஸ்பிட்ஸர். 1980-ல் வந்த டிஎஸ்எம்-3, அதாவது அமெரிக்க மனநல மருத்துவத்தின் நோய்ப் பட்டியலையே திருத்தி எழுதிய குழுவின் தலைவர். கூட வேலை செய்தவர்கள் அவர் மனைவி ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் க்ரோன்கி என்ற பொது மருத்துவர், இன்னும் சிலர். பணம் கொடுத்தது ஃபைசர். அவர்களுடைய ஸோலாஃப்ட் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு 1991-ல்தான் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பாருங்க. குடும்ப டாக்டர்கள் அதிகமாக மனச்சோர்வைக் கண்டுபிடித்தால் யாருக்கு லாபம் என்பதற்கு கால்குலேட்டர் தேவையில்லை.

ஆனா அதோடு கதையை மூடிவிட எனக்கு மனசில்லை. ஏன்னா அந்த முதல் டிசைன் நல்ல டிசைன். இரண்டு பாகமாக இருந்தது. வெயிட்டிங் ரூமில் நோயாளி நிரப்ப ஒரு பக்கம், 26 கேள்விகள், கிட்டத்தட்ட எல்லாமே ஆமாம் இல்லை. அதோடு டாக்டர் கையில் 12 பக்க வழிகாட்டி. நோயாளி எதற்கு 'ஆமாம்' போட்டாரோ, அதைப் பற்றி டாக்டர் முகத்துக்கு நேராகக் கேட்கவேண்டும். நம்ம பாஷையில், ஃப்ரன்ட் எண்ட் நோயாளி கையில, பேக் எண்ட் ஒரு மனுஷன். 1,000 நோயாளிகள், 31 டாக்டர்களோடு சோதித்தார்கள். டாக்டருக்கு ஆன நேரம் சராசரியாக 8.4 நிமிடம். டாக்டர்களுக்கு ஓரளவாவது பழக்கமான நோயாளிகளிலேயே, இப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கு அப்படி ஒரு பிரச்சினை இருப்பது அதுவரை அந்த டாக்டருக்குத் தெரியாது.

பிரச்சினை அந்த 8.4-தான். டாக்டர்களுக்கு எட்டு நிமிடம் ஏது? அதனால் 1999-ல் முழுவதையும் நோயாளியே நிரப்பும்படி மாற்றினார்கள். டாக்டர் பார்த்துச் சரிபார்த்தால் போதும். பெரும்பாலானோருக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. 2001-ல் அதிலிருந்து மனச்சோர்வுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தார்கள். அதுதான் பிஎச்க்யூ-9. மொத்தம் 6,000 நோயாளிகளின் தரவு. அதில் 580 பேரை மனநல நிபுணர் தனியாகப் பேட்டி எடுத்து ஒப்பிட்டார். 10 மதிப்பெண்ணில் கோடு போட்டால், கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 சதவீதம் பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். ஒரு பக்கக் காகிதத்துக்கு இது பெரிய சாதனை. 2003-ல் முதல் இரண்டு கேள்விகளை மட்டும் வைத்து பிஎச்க்யூ-2 வந்தது. 2010-ல் ஃபைசர் இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் அனுமதி கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது.

எட்டு நிமிடம், மூன்று நிமிடம். அடுத்து என்ன வரும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் கூகுள், மொபைலில் மனச்சோர்வு பற்றித் தேடுபவர்களுக்கு இந்த ஒன்பது கேள்வியைத் தேடல் பக்கத்திலேயே காட்டத் தொடங்கியது. நாமி என்ற மனநல அமைப்போடு சேர்ந்து செய்த வேலை. இது சரியா என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் விவாதமே நடந்தது. ஒரு பக்கம், மனச்சோர்வு உள்ளவர்கள் சிகிச்சைக்கு வரவே வருடக்கணக்காகிறது, இது அதைக் குறைக்கும் என்ற வாதம். மறுபக்கம், காதல் தோல்வியில் நாலு நாள் அழுதவனுக்கும் நோயாளி என்று முத்திரை குத்திவிடுவோமே என்ற பயம். பதில்களை யாரோடும் இணைத்து வைக்கமாட்டோம் என்று கூகுள் சொன்னது. எல்லாரும் அப்படி இல்லை. ஆன்லைன் கவுன்சிலிங் கம்பெனியான பெட்டர்ஹெல்ப், சேரும்போது நிரப்பும் கேள்வித்தாளில் கிடைத்த தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் ரூமில் சொன்னது டாக்டர் ரூமோடு நிற்கும் என்ற பழைய நம்பிக்கையும் அந்த எட்டு நிமிடத்தோடு போய்விட்டது.

இப்போ கொஞ்சம் என் வீட்டுக்கு வர்றேன்.

போன வருடம் அப்பாவுக்கு பைபாஸ். ரிட்டயர் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. டிஸ்சார்ஜ் ஆன இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு லிங்க் வந்தது. திறந்தால் என்னுடைய பழைய நண்பன், அதே ஒன்பது கேள்வி, தமிழில். அப்பா கண்ணாடியைத் தேடி, இல்லாமல், போனை என்னிடம் நீட்டினார். "நீயே படி, போட்டுடலாம்." ஹாலில் அம்மா, அத்தை, பார்க்க வந்த பக்கத்து வீட்டு மாமா. நான் சத்தமாகப் படிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போடு." ஒன்பதாவது வந்தது. எனக்கு வாயில் வரவில்லை. படிக்காமலே 0 போட்டேன்.

மொத்தம் 0. பச்சை டிக். அவங்க டிசைனும் என் டிசைன் மாதிரியே இருந்துச்சு.

இதய நோயாளியிடம் இதை ஏன் கேட்கிறார்கள் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. 1993-ல் மான்ட்ரியலில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் குழு, மாரடைப்பு வந்து பிழைத்த 222 பேரை ஆஸ்பத்திரியிலேயே பேட்டி எடுத்து ஆறு மாதம் தொடர்ந்தது. மனச்சோர்வு இருந்தவர்கள் அந்த ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. ஏற்கனவே ஒரு மாரடைப்பு வந்தவருக்கு இருக்கும் ஆபத்துக்கு அது குறைந்தது அல்ல. அதற்குப் பிறகு ஆய்வுகள் குவிந்தன. 2008-ல் அமெரிக்க இதயச் சங்கம், இதய நோயாளிகளை முதலில் இரண்டு கேள்வி, தேவைப்பட்டால் ஒன்பது என்று பரிசோதிக்கச் சொன்னது.

கேட்டால் மட்டும் போதுமா என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2019-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் இதய நோயாளிகள் 1,500 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவைப் பரிசோதித்து டாக்டருக்குச் சொல்லி சிகிச்சைக்கும் வழி செய்தார்கள். இன்னொன்றில் பரிசோதித்து டாக்டருக்குச் சொன்னதோடு சரி. மூன்றாவது குழுவை ஒன்றுமே கேட்கவில்லை. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று குழுவின் வாழ்க்கைத் தரத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. முதல் குழுவும் ஜெயிக்கவில்லை என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. இது எனக்கே பிடிக்காத முடிவு. கனடாவின் தடுப்பு மருத்துவக் குழு 2013-லேயே, எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கக் குழு எதிர்ப்பக்கம், செய்யுங்கள் என்கிறது. ஆனால் கண்டுபிடித்த பிறகு சரியாக நோயறிந்து, சிகிச்சை கொடுத்து, தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையை யாராவது நிறைவேற்றினால் என்ன ஆகும்? அதற்கும் ஆய்வு இருக்கிறது. 2002-ல் வந்த இம்பாக்ட் என்ற அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வு உள்ள 1,801 முதியவர்கள். பாதிப் பேருக்கு, அவர்கள் வழக்கமாகப் போகும் கிளினிக்கிலேயே ஒரு நர்ஸோ உளவியலாளரோ பொறுப்பாக நியமிக்கப்பட்டார். அவர் அடிக்கடி கூப்பிடுவார், இதே ஒன்பது கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், மதிப்பெண் இறங்கவில்லை என்றால் சிகிச்சையை மாற்றச் சொல்லி டாக்டரைத் தொந்தரவு செய்வார். ஒரு வருடத்தில் இந்தக் குழுவில் 45 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தன. மற்ற குழுவில் 19 சதவீதம்.

இன்டர்நெட்டிலும் இதே கதை உண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் ஹெலன் கிறிஸ்டென்சன், கேத்லீன் கிரிஃபித்ஸ் இருவரும் ப்ளூபேஜஸ் என்ற தகவல் தளத்தையும் மூட்ஜிம் என்ற பயிற்சித் தளத்தையும் 525 பேரிடம் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். இரண்டுமே மனச்சோர்வைக் குறைத்தன. நோயைப் பற்றி வெறுமனே படித்தவர்களுக்கும் பலன் இருந்தது! நான் ரொம்ப சந்தோஷப்பட்டேன். பிறகுதான் செய்முறைப் பகுதியைப் படித்தேன். அந்த ஆய்வில் இருந்தவர்களை வாரம் ஒரு தடவை ஒருவர் போனில் கூப்பிட்டு, இந்த வாரம் எந்தப் பக்கம் படிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர்கூட இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆள். அதே மூட்ஜிம்மை யாரும் கூப்பிடாமல் தாங்களாகத் திறந்தவர்களில் பெரும்பாலானோர் ஆரம்பப் பகுதியைத் தாண்டவே இல்லை.

சரி, இதெல்லாம் வெளிநாடு. நம்ம ஊர்ல? சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஒன்பது கேள்வியைப் பன்னிரண்டாக மாற்றி, நகரத்தில் 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. 2009-ல் வெளியான அந்த ஆய்வில் 15.1 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. வருமானம் குறைந்த குழுவில் 19.3, கூடிய குழுவில் 5.9. அதே நிறுவனம் பிறகு டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் கிளினிக்குகளோடு சேர்ந்து, சுகரும் மனச்சோர்வும் சேர்ந்திருக்கும் 404 பேரிடம் இன்னொரு ஆய்வில் பங்கெடுத்தது. 2020-ல் ஜாமா இதழில் வந்தது. டாக்டர் அல்லாத ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளியைத் தொடர்ந்து பின்பற்றுவார்கள். சாஃப்ட்வேர் உண்டு, ஆனால் அது நோயாளியிடம் பேசாது. இவருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று சிகிச்சைக் குழுவுக்கு எடுத்துக்கொடுக்கும். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4. நான் கட்டிய ஆப்பும் அவர்கள் கட்டியதும் ஒரே மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. அவர்களுடையது யாரோ ஒருவருடைய மேசையில் போய் நிற்கிறது.

அப்பா கதையில் ஒரு மிச்சம் இருக்கு.

அந்த 0 வாங்கி பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு அம்மா எழுப்புகிறார். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "நெஞ்சு பாரமா இருக்குப்பா." பைபாஸ் ஆன ஆள் இதைச் சொன்னால் நீங்க என்ன பண்ணுவீங்க? கார் எடுத்தோம், கேஷுவாலிட்டி, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல். டியூட்டி டாக்டருக்கு என் வயசுதான் இருக்கும். ரிப்போர்ட்டை மூடிவைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். திரை மட்டும்தான், காதில் விழத்தான் செய்தது. "நெஞ்சு பாரம்னா எப்படிங்க ஐயா இருக்கு? வலியா, வேற மாதிரியா?"

அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "காலைல எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கு சார்" என்றார்.

தமிழில் இதயத்துக்கும் நெஞ்சுதான், மனசுக்கும் நெஞ்சுதான். என் ஃபார்மில் அதற்குக் கட்டம் இல்லை. அந்த டாக்டர் இருபது நிமிடம் பேசினார், மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை போனோம். அப்பாதான் போகணும் என்றார், நான் இல்லை. இப்போது மாத்திரை எடுக்கிறார், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அங்கிருந்து ஒரு சிஸ்டர் போன் பண்ணுகிறார். அந்தப் போன் வந்தால் அப்பா மொட்டை மாடிக்குப் போய்விடுவார். என்ன பேசுகிறார் என்று எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது அந்த ஒன்பதாவது கேள்வி உங்களுடையதாக இருந்தால், 14416. டெலி மானஸ், அரசாங்க சேவை, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மறுமுனையில் ஆள் எடுப்பார்கள்.